ஒன்பதாம் நாள் வந்த நாடி

ஜெபராணி காணாமல்போன ஒன்பதாம் நாள், காலை பத்து இருபதுக்கு, அவள் வேலைக்கு வந்துவிட்டதாகத் திரை சொன்னது.

வருகை பதியும் டைம் ஆபீசில் சுகந்தி அப்போதுதான் டீயை ஆற்றி வாயருகே கொண்டுபோயிருந்தாள். 4417 என்ற எண்ணுக்கு எதிரே ஒன்பது நாளாகக் கறுத்துக் கிடந்த புள்ளி பச்சையாகியிருந்தது. நாடி எழுபத்திரண்டு. உடலில் சூடு இருக்கிறது. இடம், ஆலை வளாகத்துக்குள். சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பச்சைதான்.

"ஜெபா வந்துட்டாடீ!" என்று கத்திவிட்டாள்.

அந்த நூற்பாலையில் கைரேகையும் அட்டையும் ஒழிந்து ஆறு வருடமாகிறது. ஓவர்கோட்டின் கழுத்துப்பட்டையிலும் கை விளிம்பிலும் ஓடும் நீல நூல்தான் வருகைப் பதிவு. உடம்புச் சூடு பட்டால் நூல் விழித்துக்கொள்ளும். நாடியைக் கேட்டு, வளாகத்தில் நட்டிருக்கும் கம்பங்களுக்குச் சொல்லும். கோட்டைக் கழற்றினால் தூங்கிவிடும். நூலின் ஒவ்வொரு இழையிலும் அதற்குரியவரின் எண் இருக்கும். செய்து விற்றவர்கள் அதற்கு உயிர்நூல் என்று பெயர் வைத்தார்கள். ஸ்பின்னிங்கில் ஓடும் பெண்களுக்கு அது சகுனி நூல். கழிப்பறையில் இரண்டு நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தாலும் போட்டுக்கொடுத்துவிடும்.

செய்தி ஷெட்டுக்குள் போய்ச் சேர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் டைம் ஆபீஸ் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே அழுதாள். சிரிப்பில்லாத முகம் அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எச்.ஆர். மேனேஜர் தனபாலுடையது. அவர் திரையருகே குனிந்து, அந்தப் பச்சைப் புள்ளியை விரலால் துடைத்துப் பார்த்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் அவருடைய கழுத்தில் வியர்வை இறங்கியது.

"இது எங்கிருந்து வருது?"

"வேஸ்ட் குடோனுக்குப் பின்னாலன்னு காட்டுதுங்க சார்."

தனபால் வெளியே போய் யாருக்கோ போன் பேசினார். திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தார். முகத்தில் சிரிப்பு.

"நல்லதாப் போச்சு. எஸ்.ஐ.யை மூணு மணிக்கு வரச் சொல்லிருக்கேன். அவ புருஷன்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிரலாம். எந்த எடம்னு நீ யார்கிட்டயும் பேசிட்டு இருக்காத. கேட்டுக்கிட்டயா?"

"அவ எங்கீங்க சார் இருக்கா? ஹாஸ்டல்லயும் காணோங்களே."

"அவளுக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கலயாமா. நாம எதுக்கு அதுல தலையிடோணும்?"

ஒரு பெண் திரும்பி வந்ததைப் பார்த்து இந்த மனிதருக்கு முதலில் பயமும் பிறகு சந்தோஷமும் ஏன் வரவேண்டும்?

அந்தக் கையெழுத்து லேசுப்பட்டதும் இல்லை. சட்டம் அப்படி. ஒருவருடைய நூல் பத்து நாள் துடிக்காமல் கிடந்தால், போலீஸ் யார் அனுமதியும் இல்லாமல் ஆலைக்குள் புகுந்து தோண்டித் துருவலாம். ஒரே ஒருமுறை துடித்துவிட்டால் போதும், ஆள் உயிரோடு இருப்பதாக அர்த்தம். நேரில் முகம் காட்டவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. அது தொழிலாளியின் அந்தரங்கமாம். உறவினர் கையெழுத்துப் போட்டால் புகார் மூடப்படும், பிறகு திறக்காது. நாளை பத்தாம் நாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் சுகந்தி அதே திரையைக் காட்டும் டேப் கணினியை எடுத்துத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வேஸ்ட் குடோன் பக்கம் நடந்தாள். வழியில் பைக் நிறுத்துமிடம். ஒரு மாதமாக அங்கே எல்லா வண்டிக் கண்ணாடிகளுக்கும் பழைய சாக்ஸ் மாட்டியிருந்தது. ஆண் தேன்சிட்டு ஒன்று, கட்டைவிரல் அளவு உடம்பை வைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் தன்னையே எதிரியென்று நினைத்துக் கொத்திக்கொண்டிருந்தது. தனபாலின் கார்க் கண்ணாடியிலும் கீறல். கூடு கட்டுகிற பருவத்தில் அதற்குக் கிறுக்குப் பிடிக்கும், பொட்டை பக்கத்தில் எங்கோ முட்டை வைத்திருக்கும் என்று வாட்ச்மேன் சொல்லிச் சிரிப்பார்.

குடோனுக்குப் பின்னால் ஈ காக்கை இல்லை. முன்னொரு காலத்தில் ஆலைக்குச் சாயப்பட்டறை இருந்தபோது கட்டிய தொட்டி, சிமெண்டுப் பலகைகள் போட்டு மூடிக் கிடந்தது. பலகைகளின் இடுக்கில் கழிவுப் பஞ்சு பிதுங்கி நின்றது. சுவரில் அறுந்துபோன கேபிள் ஒயர் ஒன்று தலையளவு உயரத்தில் தொங்கியது. அவ்வளவுதான். ஜெபராணி ஒளிந்துகொள்ள அங்கே ஒரு மறைவும் கிடையாது.

டேப்பில் 4417 பச்சையாக எரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பச்சை. எட்டு நிமிடம் நின்றது, மறுபடி கறுத்தது. சுகந்தி நூல் அனுப்பும் அசல் எண்கள் வரும் பக்கத்தைத் திறந்தாள். அந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரிந்தவர்கள் அந்த ஆலையில் அவளையும் சேர்த்து இரண்டே பேர்.

நாடி அறுநூற்று நாற்பது.

மனுஷ நெஞ்சு அப்படி அடித்தால் வெடித்துப்போகும். நூல் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்போது காதோரம் விர்ரென்று ஒரு சத்தம். முதுகு பழுப்பும் வயிறு மஞ்சளுமாக ஒரு பெண் தேன்சிட்டு, தொங்கும் ஒயரில் வந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தது. ஒயரின் நுனியில் குப்பை சிக்கித் தொங்குகிறது என்று அவள் நினைத்திருந்தது கூடு. காய்ந்த இலை, மரப்பட்டைத் துணுக்கு, சிலந்திவலை எல்லாம் வைத்து முடைந்த பை. பக்கவாட்டில் ஒரு ஓட்டை, அதன் மேல் மழை படாமல் ஒரு சின்னத் தாழ்வாரம். குருவி உள்ளே போய், அலகை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அடைகாக்க உட்கார்ந்தது.

டேப்பில் பச்சை வந்தது.

சுகந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிட்டே போனாள். கூட்டின் அடிப்பக்கத்தில், சிலந்திவலைக்கு நடுவே நீல இழைகள் பின்னிக் கிடந்தன. குருவி பயந்து வெளியே பறந்தது. பச்சை போனது.

அவள் குடோன் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பச்சைப் புள்ளி ஏன் எழுபத்திரண்டு என்று காட்டியது என்பது யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். அந்த விதியைப் போட வைத்ததே அவள்தான். நாலு வருடத்துக்கு முன் கோடைக்காலத்தில், பஞ்சின் உராய்வில் நூல்கள் தாறுமாறாக எண்ணைக் காட்டின. நாடி எகிறினால் சங்கு ஊதி மெஷின் தானாக நிற்கும். எகிறியவளை வீட்டுக்கு அனுப்பினார்கள், அரைச் சம்பளமும் போயிற்று. பெண்கள் சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள். அவள் மேலே எழுதி, மன்றாடி, ஒரு விதியைச் சேர்க்க வைத்தாள். நாடி நூற்றைம்பதைத் தாண்டினால் அது நூலின் கோளாறு. அதைத் தள்ளிவிட்டு ஆளின் வழக்கமான நாடியைப் போடு. இந்த ஆலையில் தான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நாளைக்கு முந்தைய பக்கத்தைத் திறந்தாள். ஜெபராணி, மாலை ஐந்தேகால், வேஸ்ட் குடோன். கழிவுப் பஞ்சை அமுக்கிக் கட்டும் பிரஸ் இருக்கும் இடம். திரையில் அன்று எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, பிறகு கறுப்பு. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு எவனோடோ ஓடிவிட்டாள் என்று தனபால் போலீசுக்குக் காட்டிய பக்கம் அது. அசல் எண்கள் வேறு. நூற்றைம்பத்திரண்டு. நூற்றைம்பத்தாறு. நூற்றுத் தொண்ணூறு. இருநூற்றுப் பதினான்கு. நாலு நிமிடம் அந்த நெஞ்சு அப்படி அடித்திருக்கிறது. விதி இல்லாமல் இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே சங்கு ஊதி பிரஸ் நின்றிருக்கும்.

சுகந்தி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஜெபராணியின் புருஷன் தாவீது இருந்தான். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவன். ஒன்பது நாளாக ஆலைக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடந்துகொண்டிருக்கிறான். இன்று புதுச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். சுகந்தியைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தான்.

"அக்கா, நீங்க பாத்தீயளா அவள? சாப்பிட்டாளா? என் மேல கோவமா இருக்கான்னு மேனேஜர் சொல்லுதாரு. இருக்கட்டும், கோவம் இருக்கட்டும்க்கா. உசுரோட இருக்கால்லா, அது போதும். கையெழுத்து எங்க போடணும்னு சொன்னாப் போட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிருதேன்."

சுகந்தி நூறு வார்த்தை யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். வாயில் வந்தது இரண்டுதான்.

"கையெழுத்துப் போடாதீங்க."

"ஏன்?"

"அந்த நாடி ஜெபாவுது இல்லீங்க. ஒரு குருவியோடது. தேன்சிட்டு. ஜெபா கோட்டு நூல உருவி அது கூடு கட்டிருக்குது. முட்டை மேல உட்கார்ந்தா அந்தச் சூட்டுல நூல் முழிச்சுக்குது. குருவியோட நெஞ்சடிப்ப ஜெபாவோடதுன்னு மெஷின் எழுதுது."

தாவீது அவளையே பார்த்தான். பைத்தியம் பிடித்தவளைப் பார்க்கிற பார்வை.

"எழுபத்திரண்டுன்னு காட்டுதுல்லா? மேனேஜர் போன்ல எனக்குக் காட்டுனாரே? அவளுக்கு எப்பமும் எழுபத்திரண்டுதான்."

"அது அவளோட வழக்கமான நாடிய மெஷின் தானாப் போடறது. அசல் வேற. நா என் கண்ணால பார்த்துட்டு வர்றேனுங்க."

"அப்ப அவ எங்க?"

சுகந்தி திரும்பி வேஸ்ட் குடோன் பக்கம் பார்த்தாள். அவன் மெல்ல மெல்லக் கீழே உட்கார்ந்து, வாரிய தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். காலையில் ஒருமுறை மனைவியைத் திரும்பக் கொடுத்து, மத்தியானம் பிடுங்கிக்கொண்டது போல ஆகிவிட்டது. தன் வாயாலேயே அதைச் செய்ய வேண்டிவந்ததே என்று சுகந்திக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மூன்று மணிக்கு எஸ்.ஐ. கலியபெருமாள் வந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர். எதையும் சீக்கிரம் முடித்தால் போதும் என்ற முகம். எச்.ஆர். அறையில் தாள் தயாராக இருந்தது. தனபால் பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்.

"போடுப்பா. உன் பொண்டாட்டி நல்லா இருக்கா. வேற என்ன வேணும்?"

"மாட்டேன் சார்" என்றான் தாவீது. "அது குருவி."

எஸ்.ஐ. பேனாவைப் பார்த்தார், தாவீதைப் பார்த்தார். வாசலில் நின்ற சுகந்தி உள்ளே வந்து எல்லாவற்றையும் சொன்னாள். முடித்ததும் தனபால் எழுந்து வந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அசல் எண்ணு வெளிய வந்தா மொத கேள்வி உன்னைத்தான் கேப்பாங்க அம்மிணி. அந்த விதி யாரு எழுதிக் குடுத்தது? உன் கையெழுத்து என்கிட்ட இருக்குது. உனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைங்க. யோசிச்சுக்க."

அது வெறும் மிரட்டலில்லை, உண்மை. ஆனாலும் சுகந்தி எஸ்.ஐ. பக்கம் திரும்பி, "பத்து நிமிஷம் வாங்க சார். பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள்.

வெயில் தொட்டியின் மேல் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. நாலு பேரும் போய் நின்றபோது கூடு காலியாக இருந்தது. டேப்பில் 4417 கறுப்பு.

"இதா?" என்று தனபால் சிரித்தார். "குப்பை சார். இருங்க, எடுத்தே காட்டிர்றேன்." சுவரோரம் கிடந்த ஒட்டடைக் கம்பை எடுத்து ஓங்கினார்.

சுகந்தி அலறினாள். "பிச்சுட்டா குருவி வராதுங்க சார்! நூல் செத்துரும். அப்புறம் நா என்ன சொன்னாலும் வெறும் பேச்சுத்தான்!"

அதற்குள் தாவீது பாய்ந்து கம்பைப் பிடித்துவிட்டான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இழுத்தார்கள். கம்பின் நுனி ஒயரில் பட்டு, கூடு ஊஞ்சலாடியது. உப்பு வாரிய கைக்கு முன்னால் தனபாலின் கை எம்மாத்திரம். கம்பைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, தாவீது கூட்டுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான்.

"பத்து நிமிஷம்னாங்க. இருந்து பாப்போம்" என்றார் கலியபெருமாள். முதல்முறையாக அவர் குரலில் போலீஸ் இருந்தது.

சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். நிமிடங்கள் போயின. குடோன் கூரையில் ஆண் குருவி வந்து உட்கார்ந்து, நிழலில் கறுப்பாகவும் வெயிலில் ஊதாவாகவும் மின்னிக்கொண்டு கத்தித் தீர்த்தது. பெண் குருவியைக் காணோம். ஆறு நிமிடம். ஏழு. ஆடிய கூட்டைப் பார்த்துப் பயந்து போயிருக்குமோ? முட்டை ஆறிவிட்டால் திரும்பி வருமா? சுகந்திக்கு டேப்பைப் பிடித்த கை வியர்த்து வழுக்கியது. தனபால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"வா தாயி" என்று தாவீது முணுமுணுத்தான். "வந்திரு."

ஒன்பதாவது நிமிடம் விர்ரென்று வந்தது. ஒயரில் உட்கார்ந்து நாலு பேரையும் ஒரு நோட்டம் விட்டது. பறந்து போனது. எஸ்.ஐ. பெருமூச்சு விட்டார். மறுபடி வந்தது. இந்த முறை நேரே ஓட்டைக்குள் நுழைந்து, இரண்டு முறை புரண்டு, உட்கார்ந்தது.

பச்சை.

"எழுபத்திரண்டு சார்" என்று சுகந்தி மெல்லிய குரலில் சொல்லி, டேப்பை எஸ்.ஐ.யிடம் காட்டினாள். "இப்ப அசல்." விரலால் தள்ளினாள். "அறுநூத்தி இருபது."

கலியபெருமாள் கூட்டையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். எழுபத்திரண்டு மனுஷி, அறுநூற்று இருபது குருவி. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"இத ஏம்மா இப்படி மாத்திக் காட்டுது?"

"நாந்தான் சார் அப்படிச் செய்யச் சொல்லி எழுதிக் குடுத்தேன்" என்றாள் சுகந்தி. தாவீது திரும்பினான். அவள் அவனைப் பார்த்தே சொன்னாள். "சம்பளம் போவுதேன்னு பண்ணினேன். அன்னைக்கு ஜெபாவோட நாடி எரநூறுக்கு மேல போயிருக்குது. அந்த விதி இல்லாட்டி சங்கு ஊதிருக்கும். என்னாலதான் ஊதலீங்க."

தாவீதின் முகத்தில் என்ன ஓடியது என்று அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. அவன் கூட்டின் முன்னாலிருந்து நகரவும் இல்லை.

"இந்தக் குருவி நூலுக்கு எவ்வளவு தூரம் போகும்?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"கிட்டத்துல கிடைக்கறதைத்தாங்க சார் எடுக்கும். தூரம் எதுக்குப் போவுது?"

எஸ்.ஐ.யின் பார்வை ஒயரிலிருந்து இறங்கி, சிமெண்டுப் பலகைகளில் நின்றது. இடுக்கில் பிதுங்கிய பஞ்சைக் குனிந்து பார்த்தார். அழுக்குப் பஞ்சுக்கு நடுவே நீலமாக ஒரு இழை காற்றில் ஆடியது. தனபால் இரண்டடி பின்னால் போனார்.

"யோவ், அங்கேயே நில்லு." எஸ்.ஐ. போனை எடுத்தார். "இதுல வேற ஏதும் இருக்கா பாரும்மா. எல்லாத்தையும் பதிவு பண்ணிக்க. நாளைக்கு இல்லைனு சொல்லுவானுங்க."

சுகந்தி பட்டியலை ஒதுக்கிவிட்டு, கம்பத்துக்கு வருகிற எல்லா நூலையும் காட்டச் சொன்னாள். இதுவரை அவள் பார்த்தது வேலைப் பட்டியலில் பெயர் உள்ளவர்களை மட்டும். பெயரை எடுத்துவிட்டவர்களின் நூல் துடித்தாலும் திரை கண்டுகொள்ளாது. அவளும் ஒருநாளும் கேட்டதில்லை.

அறுநூற்று இருபது என்ற எண்ணுக்கு எதிரே ஒரு வரி வரவேண்டும். மூன்று வரி வந்தன. கருவி தடுமாறுகிறதென்று நினைத்து மறுபடி கேட்டாள். மறுபடியும் மூன்று. ஒரே கூடு, ஒரே குருவி, ஒரே நெஞ்சடிப்பு. மூன்று வேறு எண்கள்.

"4417" என்று படித்தாள். "ஜெபராணி." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். "3902. பொன்மலர், கமுதி. 3655. வசந்தகோகிலா, அரூர்." படிக்கப் படிக்க இரண்டு முகங்களும் நினைவுக்கு வந்தன. இரண்டு பேருமே பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்கள். ஒருத்தி நின்று இரண்டு வருடம், இன்னொருத்தி நின்று மூன்று வருடத்துக்கு மேல்.

கலியபெருமாள் போனில் ஆட்களையும் கடப்பாரையையும் வரச் சொல்லிக்கொண்டிருந்தார். தனபால் சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டார். கூட்டுக்குள் குருவி ஒன்றும் தெரியாமல் அலகை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தாவீது கேட்டான்.

"அந்த ரெண்டு பேருக்கும் என்னை மாதிரி யாரும் தேடி வரலியாக்கா?"

சுகந்தி டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வந்தாங்க" என்றாள். "ஒருத்திக்கு அவ அம்மா. இன்னொருத்திக்கு அண்ணங்காரன். ரெண்டு பேரையும் கேட்டுலயே நிறுத்தி, அவ எவனோடயோ ஓடிட்டாளுங்க, இங்க வந்து நிக்காதீங்கன்னு சொல்லி அனுப்பினது நாந்தானுங்க."